பூட்டு பத்திரம், சாவி எங்கே?

ஒரு வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை உபயோகிப்பவர்களோ மூன்று பேர்: தந்தை, தாய், கல்லூரியில் படிக்கும் மகள். மூவருக்கும் அந்த யந்திரத்தில் தனித்தனிக் கணக்கு, தனித்தனிப் பாஸ்வேர்டு. தந்தை தம்முடைய வரவு செலவுக் கணக்கு, நிலப் பத்திரங்களின் நகல்கள், பத்து வருஷத்துப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் போட்டு, பிறர் படிக்க முடியாதபடி சங்கேத எழுத்தாக மாற்றி வைத்திருந்தார். அதற்கு அவர் செய்ததெல்லாம் ஒரு சிறு கட்டத்தில் ஒரு குறி இட்டதுதான். அதற்குப் பிறகு அந்தப் பைல்களை வழக்கம்போலத் திறந்தார், வழக்கம்போல மூடினார். சாவி எதுவும் அவர் கண்ணில் படவில்லை. சாவி என்று ஒன்று இருப்பதாகவே அவர் நினைக்கவில்லை.

ஒரு நாள் கம்ப்யூட்டர் தகராறு செய்தது. பழுது பார்ப்பவர் வந்தார். பைல்கள் இருந்த இரண்டாவது டிஸ்க்கைத் தொடாமல், முதல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டார். தந்தைக்குப் பழைய பெயரிலேயே கணக்கு. பழைய பாஸ்வேர்டே திரும்பவும். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் போல்டரைத் திறந்தார். பைல்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தட்டினார். ‘அனுமதி இல்லை’ என்றது யந்திரம். இன்னொன்றைத் தட்டினார். அதற்கும் அதே பதில்.

பெயர் அவருடைய பெயர்தான். பாஸ்வேர்டும் அவருடையதுதான். பைல்களும் அவருடையவைதான். ஆனாலும் யந்திரம் அவரை அந்நியராகவே நடத்தியது!

இந்தக் குடும்பம் கற்பனைக் குடும்பம். ஆனால் அதற்கு நேர்ந்த கதி கற்பனை அல்ல. எத்தனையோ வீடுகளிலும் அலுவலகங்களிலும் நேர்ந்திருப்பது அதுதான். ஏன் இப்படி நேருகிறது? இதைத் தடுக்க வழி உண்டா? வழி உண்டு, அதற்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தை விபத்துக்கு முன்பே செலவிட்டிருக்க வேண்டும்.

காவல்காரன் வேறு, பூட்டு வேறு

ஒரு கம்ப்யூட்டரில் பல பேருக்குக் கணக்கு இருந்தால், ஒருவருடைய பைலை மற்றவர் திறக்காதபடி விண்டோஸ் தடுக்கிறது. இது வாசலில் நிற்கும் காவல்காரனைப் போன்றது. ‘நீ யார்? உனக்கு அனுமதி உண்டா?’ என்று அவன் கேட்பான். அனுமதி இல்லாதவரை உள்ளே விடமாட்டான். ஆனால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போய் வேறு யந்திரத்தில் மாட்டிவிட்டால்? அங்கே இந்தக் காவல்காரன் சொல் செல்லாது. பைல்கள் திறந்த வீடாகக் கிடக்கும்.

ஆகவே காவல்காரன் மட்டும் போதாது, இரும்புப் பெட்டியும் வேண்டும் என்று ஏற்பட்டது. பைலில் இருக்கும் எழுத்துக்களையே சங்கேதமாக மாற்றிவிட்டால், டிஸ்க் யார் கையில் போனாலும் கவலை இல்லை. மைக்ரோஸாப்ட் நிறுவனம் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ‘விண்டோஸ் 2000’ என்ற அமைப்பில் இந்த வசதியைச் சேர்த்தது. ‘என்கிரிப்டிங் பைல் சிஸ்டம்’ என்பது அதன் பெயர், சுருக்கமாக ஈ.எப்.எஸ். என்பார்கள். இன்றைய விண்டோஸிலும் இது இருக்கிறது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும் ‘ஹோம்’ வகையில் கிடையாது. ‘புரோ’ முதலிய வகைகளில்தான் உண்டு.

சாவிக்குள் சாவி

இந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. ஒரு சாவி அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சாவிகள்!

முதலில், ஒவ்வொரு பைலுக்கும் யந்திரம் ஒரு தனிச் சாவியை உண்டாக்குகிறது. சாவி என்றால் ஒரு பெரிய எண். யாரும் ஊகிக்க முடியாதபடி குருட்டாம்போக்கில் எடுத்த எண். அந்த எண்ணைக் கொண்டு பைலைச் சங்கேதமாக்குகிறது. இதற்கு இப்போது உபயோகமாகும் முறைக்கு ஏ.இ.எஸ். என்று பெயர். பெல்ஜியம் தேசத்து நிபுணர்கள் ஜோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வகுத்த முறை அது. 2001-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அதைத் தன் திட்ட முறையாக ஏற்றுக்கொண்டது. 256 பிட் நீளமுள்ள சாவிகள் மொத்தம் எத்தனை இருக்கலாம் என்று கணக்கிட்டால், விடை 78 இலக்கமுள்ள எண்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது என்பது மனிதப் பிரயத்தனத்துக்கு அப்பாற்பட்டது.

சரி, பைலின் சாவியை எங்கே வைப்பது? பைலோடேயே வைக்கிறது யந்திரம். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை அல்லவா இது என்று தோன்றலாம். அப்படியில்லை. அந்தச் சாவியை ஒரு சிறு பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தச் சிறு பெட்டியைத்தான் பைலோடு ஒட்டி வைக்கிறது.

அந்தச் சிறு பெட்டிக்கு ஒரு ஜோடிச் சாவி உண்டு. ஒன்று பொதுச் சாவி. மற்றொன்று அந்தரங்கச் சாவி. தெருவிலுள்ள தபால் பெட்டியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். கடிதத்தை யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம். எடுக்க மட்டும் தபால்காரரிடமுள்ள சாவி வேண்டும். அதைப்போலவே பொதுச் சாவியால் பூட்டலாம், திறக்க முடியாது. திறப்பது அந்தரங்கச் சாவிதான். அமெரிக்காவில் விட்பீல்டு டிப்பி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் 1976-ம் ஆண்டில் இந்த யோசனையை வெளியிட்டார்கள். மறு வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஆடல்மன் என்ற மூவர் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் கணித வழியைக் கண்டார்கள்.

கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் முதன்முதலாக ஒரு பைலைச் சங்கேதமாக்கும்போது, இப்படி ஒரு ஜோடிச் சாவியை விண்டோஸ் தானாகவே செய்து கொடுத்துவிடுகிறது. அந்தரங்கச் சாவி அவருடைய கணக்குக்கு உரிய இடத்தில், பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே, ஒளிந்துகொண்டிருக்கும். அதையும் வெறுமே விடுவதில்லை. அதன்மேல் கடைசியாக ஒரு பூட்டு. அந்தப் பூட்டு அவருடைய பாஸ்வேர்டைக் கொண்டு அமைவது.

ஆகவே பாஸ்வேர்டு அந்தரங்கச் சாவியைத் திறக்கிறது. அந்தரங்கச் சாவி பைலின் சாவியைத் திறக்கிறது. பைலின் சாவி பைலைத் திறக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் காரியம் கெட்டது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

தந்தைக்கு நேர்ந்த விபத்து இப்போது விளங்கும். அவருடைய பைல்கள் இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. பைலின் சாவி அடங்கிய சிறு பெட்டிகளும் அங்கேயே இருந்தன. ஆனால் அந்தப் பெட்டிகளைத் திறக்கும் அந்தரங்கச் சாவி முதல் டிஸ்க்கில் இருந்தது. அதைத்தான் பழுது பார்ப்பவர் துடைத்துவிட்டார்.

அதே பெயரில் கணக்குத் திறந்தாரே, அது போதாதா? போதாது. விண்டோஸ் ஆட்களைப் பெயரைக் கொண்டு அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட அடையாள எண் கொடுக்கிறது. ஒரு கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி திறந்தாலும் எண் வேறாகிவிடும். ஒரே பெயருடைய இருவர் ஒரே தெருவில் இருந்தால், ஒருவர் பெட்டியின் சாவி மற்றவரிடம் இருக்குமா? புதிய கணக்குக்குப் புதிய சாவிதான் கிடைக்கும். பழைய பெட்டிக்கு அது பொருந்தாது.

தானே மாற்றுவதும் பிறர் மாற்றுவதும்

இன்னொரு விபத்தும் உண்டு. அது இதைவிடச் சாதாரணமாக நேருவது.

மகள் தன் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். தந்தைக்கு யந்திரத்தில் நிர்வாகி அதிகாரம் இருக்கிறது. ‘இதற்கென்ன, நான் வேறு பாஸ்வேர்டு போட்டுத் தருகிறேன்’ என்று போட்டுக் கொடுக்கிறார். மகள் உள்ளே நுழைகிறாள். மற்ற எல்லாம் திறக்கின்றன. சங்கேதமாக்கிய பைல்கள் மட்டும் திறப்பதில்லை.

காரணம் என்ன? பழைய பாஸ்வேர்டு தெரிந்து, தன் கையாலேயே புதியதை மாற்றிக்கொள்ளும்போது, விண்டோஸ் பழையதைக் கொண்டு அந்தரங்கச் சாவியின் காப்பைத் திறந்து, புதியதைக் கொண்டு மறுபடி பூட்டிவிடுகிறது. வேறொருவர் பலவந்தமாக மாற்றும்போது பழைய பாஸ்வேர்டு அங்கே இல்லை. உள்பூட்டு பழைய சொல்லுக்கே கட்டுப்பட்டு நிற்கிறது. மறந்த பாஸ்வேர்டு பிறகு நினைவுக்கு வந்து, மறுபடி அதையே போட்டால் திறக்கலாம். நினைவுக்கு வராவிட்டால் சாவி போனது போனதுதான்.

இது மைக்ரோஸாப்ட் அறியாமல் செய்த பிழை அல்ல. தெரிந்தே வைத்த பூட்டு. விண்டோஸ் 2000-ல், நிறுவன வலையில் சேராமல் தனியாக இருக்கும் கம்ப்யூட்டரில், நிர்வாகிக்கு எல்லாருடைய பைலையும் மீட்கும் அதிகாரம் தானாகவே அமைந்திருந்தது. மடிக் கம்ப்யூட்டர் ஒன்றைத் திருடியவன் ஒரு சிறு டிஸ்க்கை உபயோகித்து நிர்வாகியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, நிர்வாகியாகவே நுழைந்து எல்லாவற்றையும் படித்துவிட முடிந்தது. எனவே 2001-ம் ஆண்டில் வந்த ‘விண்டோஸ் எக்ஸ்.பி.’யில் இந்த வழி அடைக்கப்பட்டது. தனிக் கம்ப்யூட்டரில் மீட்பவர் என்று யாரும் தானாக நியமிக்கப்படுவதில்லை; பாஸ்வேர்டைப் பலவந்தமாக மாற்றினால் சாவி திறப்பதில்லை. திருடனுக்காகப் போட்ட தாழ்ப்பாள் மறதிக்கார வீட்டுக்காரருக்கும் விழுந்தது!

மாற்றுச் சாவி எடுக்கும் விதம்

பரிகாரம் மிகவும் எளியது. பீரோ வாங்கும்போது கடைக்காரர் இரண்டு சாவி கொடுக்கிறார். ஒன்று இடுப்பில், மற்றொன்று வேறு இடத்தில். இங்கும் அதையேதான் செய்ய வேண்டும்.

விண்டோஸின் ‘கண்ட்ரோல் பேனல்’ பகுதியில் பயனர் கணக்குகள் என்ற பிரிவில், பைல் சங்கேதச் சர்டிபிகேட்டுகளை நிர்வகிப்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே போனால் அந்தரங்கச் சாவியைப் பிரதி எடுத்து ஒரே பைலாகக் கொடுத்துவிடும். பி.எப்.எக்ஸ். என்று முடியும் பெயருடைய பைல் அது. எடுக்கும்போதே அதற்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பைலைப் பென் டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரை விட்டு விலக்கி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலோ பாங்க் லாக்கரிலோ வைக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டை எழுதி அதே பென் டிரைவில் கட்டி வைப்பது கூடாது; அது வேறு இடத்தில் இருக்க வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போட நேர்ந்தால், இந்தப் பைலைத் திறந்து பாஸ்வேர்டைச் சொன்னால் போதும். பழைய சாவி புதிய கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பைல்கள் திறக்கும்.

இதில் மூன்று ஜாக்கிரதைகள் முக்கியம்.

முதலாவது: ஒவ்வொருவரும் தம் தம் கணக்கில் நுழைந்து தம் சாவியைத் தாமே பிரதி எடுக்க வேண்டும். நிர்வாகி தம் கணக்கில் இருந்துகொண்டு வீட்டார் எல்லாருடைய சாவியையும் சேர்த்து எடுக்க முடியாது. மூன்று கணக்குகளில் சங்கேதப் பைல்கள் இருந்தால் மூன்று சாவிகள், மூன்று பிரதிகள், எது யாருடையது என்று மேலே எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது: ஒருவருக்கே நாளடைவில் இரண்டு மூன்று சாவிகள் சேர்ந்துவிடலாம். பழைய கம்ப்யூட்டரில் ஒன்று, புதியதில் ஒன்று என்று ஆகும். பழைய சாவி பழைய பைல்களுக்கு இன்னும் தேவை. எல்லாப் பைல்களையும் இப்போதைய சாவிக்கு மாற்றிவிட அதே இடத்தில் வசதி உண்டு. அப்படி மாற்றி, திறந்தும் பார்த்த பிறகே பழையதை மறக்கலாம்.

மூன்றாவது: எடுத்த பிரதி வேலை செய்கிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். வேறொரு யந்திரத்தில் அதைச் சேர்க்க முடிகிறதா, பாஸ்வேர்டு சரிதானா என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து உடனே நீக்கிவிட வேண்டும். போட்டுப் பார்க்காத மாற்றுச் சாவி வெறும் இரும்புத் துண்டு.

ஒரு பைலுக்கு இரண்டு சொந்தக்காரர்

தந்தையின் கணக்குப் பைலைத் தாயும் பார்க்க வேண்டியிருந்தால்? தந்தை தம் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பைலின் சாவி சிறு பெட்டியில் இருக்கிறது அல்லவா? அதே சாவியை இன்னொரு சிறு பெட்டியிலும் போட்டு, தாயின் பொதுச் சாவியால் பூட்டிவிட்டால் போதும். பைலைச் சுற்றிலும் இரண்டு சிறு பெட்டிகள். அவரவர் தம் பெட்டியைத் திறந்து ஒரே சாவியை எடுத்துக்கொள்வார்கள். பைலின் குணங்களைக் காட்டும் பலகையில், சங்கேத விவரங்கள் என்ற இடத்தில் ஆட்களைச் சேர்க்கலாம்.

ஆனால் தாய்க்கு ஏற்கெனவே ஒரு ஜோடிச் சாவி இருக்க வேண்டும். அவர் தம் கணக்கில் ஏதாவது ஒரு பைலை ஒரு தடவை சங்கேதமாக்கியிருந்தால் அது உண்டாகியிருக்கும். தவிர, இப்படிச் சேர்ப்பது ஒவ்வொரு பைலாகத்தான் முடியும். போல்டர் முழுவதற்கும் ஒரேயடியாகச் செய்ய முடியாது. ஒருவரைப் பின்னால் நீக்கினாலும், அதற்குள் அவர் படித்ததையும் பிரதி எடுத்ததையும் திரும்ப வாங்க முடியாது என்பதும் நினைவிருக்க வேண்டியது.

அலுவலகத்துக்கு ஒரு பொறுப்பாளர்

வீட்டைவிட அலுவலகத்தில் ஆபத்து அதிகம். குமாஸ்தா ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். அல்லது திடீரென்று காலமாகிறார். அவருடைய கணக்கை நீக்கிவிடுகிறார்கள். பத்து வருஷத்து ரசீதுகள் அவர் சாவிக்குள் அடைபட்டிருந்தால் நிர்வாகம் என்ன செய்யும்?

இதற்காக ‘மீட்புப் பொறுப்பாளர்’ என்ற ஏற்பாடு ஈ.எப்.எஸ்.ஸில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. பைல் சங்கேதமாகும் ஒவ்வொரு தடவையும், பொறுப்பாளரின் பொதுச் சாவியால் பூட்டிய ஒரு சிறு பெட்டியும் அதோடு சேர்ந்துகொள்ளும். அவசியம் நேர்ந்தால் அவர் திறக்கலாம். நிறுவன வலையில் சேர்ந்த கம்ப்யூட்டர்களுக்கு இதைத் தலைமை யந்திரத்திலிருந்தே ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே பாஸ்வேர்டை நிர்வாகி மாற்றினாலும் சாவி போவதில்லை. தலைமை யந்திரம் அதைத் திறக்க உதவுகிறது.

இவ்வளவு அதிகாரமுள்ள சாவியைக் கம்ப்யூட்டரிலேயே விட்டு வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. அந்தரங்கப் பகுதியைப் பிரதி எடுத்து, யந்திரத்திலிருந்து நீக்கி, மானேஜரின் இரும்புப் பெட்டியில் வைப்பதே முறை. பொறுப்பாளரை நியமிப்பதற்கு முன்பு சங்கேதமான பழைய பைல்களில் அவருடைய பெட்டி இருக்காது. அந்தந்தக் கணக்குக்காரர் அவற்றைப் புதுப்பித்தால்தான் சேரும். ஆகவே நியமனம் முதல் நாளே நடக்க வேண்டும்.

பூட்டால் ஆகாதவை

பூட்டு இருக்கிறதென்று எல்லாவற்றுக்கும் அதை நம்பிவிடலாகாது. ஈ.எப்.எஸ். பைலின் உள்ளடக்கத்தை மறைக்கிறது, பெயரை மறைப்பதில்லை. படிக்க முடியாத நிர்வாகிக்கும் பைலை அழிக்க முடியும். ஆகவே சங்கேதமாக்கிய பைலுக்கும் தனிப் பிரதி தேவை. அந்தப் பைலைச் சாதாரணப் பென் டிரைவில் பிரதி எடுத்தால், டிரைவின் அமைப்பு வேறாக இருப்பதால், சங்கேதம் கலைந்து வெறும் பைலாகவே போய்விடக்கூடும். கணக்கில் நுழைந்துவிட்டு யந்திரத்தை அப்படியே திறந்து போட்டு எழுந்து போனால், வந்து உட்காருபவர் யாரானாலும் எல்லாம் படிக்கலாம்.

மற்ற யந்திரங்களிலும் இதே தத்துவந்தான். ‘லினக்ஸ்’ அமைப்பில் லக்ஸ் என்ற முறை உண்டு. அதன் முதல் பதிப்பில் டிஸ்க்குக்குச் சாவி ஒன்று. அதைத் திறக்க எட்டுப் பேர் வரை தனித்தனிச் சொல் வைத்துக்கொள்ளலாம். 2016-ம் ஆண்டில் வந்த ‘ஆண்ட்ராய்டு 7’ முதல், ஒரே போனைப் பலர் உபயோகித்தாலும் ஒவ்வொருவர் பைலுக்கும் வெவ்வேறு சாவி வைக்க வழி ஏற்பட்டிருக்கிறது. எங்கே போனாலும் கேள்வி ஒன்றே: சாவி எங்கே இருக்கிறது? அதற்கு மாற்று உண்டா?

அந்தக் காலத்துப் பெரியவர்கள் இரும்புப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார்கள். ஆனால் மற்றொரு சாவி எங்கே இருக்கிறதென்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வைப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்த சாவிக்கே அவ்வளவு முன்யோசனை. கண்ணுக்குத் தெரியாத சாவிக்கு அதைவிட அதிகம் வேண்டாமா?

கற்பனைக் குடும்பத்துத் தந்தை இப்போதும் அந்தப் பைல்களை அழிக்காமல் வைத்திருக்கிறார். நிலப் பத்திரத்தின் மூலங்கள் இருக்கின்றன. நகல் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வரவு செலவைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நாளில் எடுத்த படம் மட்டும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதன் பெயரும் தேதியும் திரையில் தெரிகின்றன. படம் தெரிவதில்லை.